சன்னலில் துணி இல்லை

எங்கள் ஊர்ப் பூட்டுக்காரருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். சாவியைத் தொலைத்தவன் வீட்டுக் கதவென்றால் மனிதர் இருமி முடிப்பதற்குள் திறந்துவிடுவார். உள்ளே ஆள் இருந்தும் பதில் வராத கதவென்றால் மட்டும் அவருக்கு நிதானம் வந்துவிடும்.

அப்படிப்பட்ட கதவுகளை அவருக்கு வாங்கிக் கொடுத்தது நகராட்சி. தனியாக வசிப்பவர்கள் காலையில் எழுந்ததும் சன்னலில் மஞ்சள் துணி தொங்கவிட வேண்டும். இரவில் உள்தாழ்ப்பாள் போடக் கூடாது, பூட்டு மட்டும். துணி தெரியாவிட்டால் தெருப் பொறுப்பாளரான கேஷியர் தட்டுவார். வங்கியில் ஓய்வு பெற்றும் அதட்டலில் ஓய்வு பெறாதவர். அவர் தட்டியும் பதில் இல்லையென்றால் பூட்டுக்காரர். பெரும்பாலும் அசந்து தூங்கியவர்கள்தான் அகப்பட்டார்கள். ஒரே ஒருமுறை அப்படி இல்லை. அன்றிலிருந்து நம்மவர் அந்த மாதிரிக் கதவின் பூட்டை, “தள்ளுய்யா, நான் உள்ள போறேன்” என்று கேஷியர் சொல்லும்வரை திருகிக்கொண்டே இருப்பார்.

திட்டத்தின் புகழ் பக்கத்து ஊருக்குப் பரவியது. கற்றுக்கொள்ள ஒரு குழு வேனில் வந்து இறங்கியது. கேஷியர் கையில் மைக். விளக்கம் கேட்டு நான்கு பேர் கொட்டாவி விட்டபோதுதான் ஊர்வலம் அந்த வீட்டின் முன்னால் வந்தது.

சன்னல் வெறுமையாக இருந்தது. அது பூட்டுக்காரரின் அக்கா வீடு.

கேஷியர் தட்டினார். பதில் இல்லை. பூட்டுக்காரர் ஓடி வந்தார். தம்பியிடம் சாவி கொடுக்காத அக்கா அவர். “சாவி குடுத்தா நீ விடியறதுக்கு முன்னாடி வந்து எனக்கு மூச்சு இருக்கான்னு பார்ப்ப” என்று மறுத்திருந்தார். பொய்யான குற்றச்சாட்டு இல்லை.

“அடடா, செயல்விளக்கமே ஏற்பாடு பண்ணிட்டீங்களா!” என்றார் குழுவில் வந்த ஒருவர். “அவர் கை நடுங்குறதப் பாருங்க. அசல் மாதிரியே இருக்கு!”

கேஷியர் வாயைத் திறந்தார். மைக் கையில் இருந்தும் சத்தம் வரவில்லை.

இந்த முறை நிதானம் வரவில்லை; பூட்டு கிளிக்கென்றது. கைபேசிகள் உயர்வதற்குள் கதவு திறந்துவிட்டது.

“அண்ணே, படம் சரியா விழல. இன்னொரு தடவ பூட்டிட்டுத் திறக்கிறீங்களா?”

பூட்டுக்காரர் கேஷியரைப் பார்த்தார். கேஷியர் தன் செருப்பைப் பார்த்தார். அக்காளின் சமையல்தான் அவருக்கும் மதியச் சாப்பாடு; இந்தக் கதவுக்குள் முதலில் போக அவராலும் ஆகவில்லை. வாசலில் அத்தனை பேர் நின்றும் உள்ளே போக ஆளில்லை.

பூட்டுக்காரர் போனார். கூடம் காலி. கட்டில் கலையவில்லை. சமையலறை வாசலில் ஒரு கால் தெரிந்தது. செருப்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, மூக்கருகே விரலை நீட்டினார். விரல் நடுங்கிய நடுக்கத்தில் காற்று வருகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“கைய எடுடா. கிரீஸ் நாத்தம்.”

அவர் அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டார்.

“நேத்து ராத்திரி வழுக்கி விட்டுடுச்சு. இடுப்ப அசைக்க முடியல. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நீ எதுக்குடா படுக்குற? ரெண்டு பேரையும் யார் தூக்குறது? வாசல்ல யாரு அவ்வளவு பேரு?”

“பக்கத்து ஊர்லேர்ந்து... கத்துக்க வந்திருக்காங்க.”

“விழறதுக்கா?”

ஆம்புலன்ஸ் வந்தது. வாசலில் கைபேசிகள் எல்லாம் பைக்குள் போயிருந்தன. குழுவில் இருந்த செவிலியர் ஒருத்தர், அக்காளின் தலைக்குத் துண்டை மடித்து வைத்தவாறே கேட்டார்: “நேத்து துணிய எப்பம்மா உள்ள எடுத்தீங்க?”

“விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. மழை வர்ற மாதிரி இருந்துச்சு. இல்லன்னா நான் எடுக்கிறதில்ல, அது பாட்டுக்குத் தொங்கும்.”

செவிலியர் கேஷியரைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ எடுக்காம விழுந்திருந்தா இன்னிக்கும் துணி தொங்கியிருக்குமே சார். நல்லா இருக்காங்கன்னு நீங்களும் போயிருப்பீங்க, நாங்களும் கை தட்டிட்டுப் போயிருப்போம்.”

பூட்டுக்காரர் அந்தச் சன்னலையே பார்த்தார். அங்கே ஒரு மஞ்சள் துணி ஆடுவதாகவும், தாம் சைக்கிளில் மணி அடித்தபடி கடந்து போவதாகவும் தோன்றியது. முதல் பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்தது.

பக்கத்து ஊர்க்காரர்கள் திட்டத்தை எடுத்துப்போய், மாலையில் துணியை உள்ளே எடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்கள். எங்கள் நகராட்சி ஒரு குழுவை வேனில் அனுப்பி அதைக் கற்றுக்கொண்டு வந்து, தன் சொந்த யோசனை என்று அறிவித்தது. விதி நல்ல விதி. பூட்டுக்காரருக்குத்தான் பொழுது விடிந்தால் ஒரு பயம், பொழுது சாய்ந்தால் ஒரு பயம். இப்போது அவரிடம் சாவி இருக்கிறது. ஆனால் தட்டாமல் நுழைந்தால் அக்கா பிடுங்கிக்கொள்வார்.

நேற்று மாலை இருட்டியும் துணி தொங்கியது. தட்டினார்.

“வர்றேன்டா! ஒரு காலுதானே நடக்குது!”

குரல் வந்துவிட்டது. ஆனாலும் கைத்தடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. சாவியைத் துவாரத்தில் வைத்தபடி, திருகவும் மாட்டாமல் எடுக்கவும் மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.