மாமா கஞ்சி வைத்த கடல்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு. ஒருவரிடமும் கை நீட்டவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் என்பதால் என் எழுத்து கோழி கிளறினதுபோலத்தான் இருக்கும். என்றாலும் இதை நானே எழுதவேண்டும். மெல்பேர்ண் மல்கிரேவில் மகன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து, பேத்தியின் பழைய கொப்பி ஒன்றில் ஒரு கிழமையாக எழுதுகிறேன்.

இந்த வருடம், 2012 ஆனிக் கடைசியில், பேத்திக்குப் பள்ளி விடுமுறை வந்தது. மெல்பேர்ணில் குளிர், அங்கே கோடை என்று சொல்லி மகன் எல்லாரையும் ஜேர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். என் கடைசி மகள் அங்கேதான் இருக்கிறாள். அவள் குடும்பமும் நாங்களுமாக ஒரு வான் வண்டியில் பால்டிக் கடலோரம் பத்து நாள் சுற்றினோம். கரை நெடுக, பிரம்பால் பின்னிக் கூரை வைத்த கதிரைகள் கோழிக்கூடுகள் போல வரிசையாக நின்றன. வெள்ளைக்காரர் அதற்குள் போர்வை சுற்றிக்கொண்டு இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள்.

முதல் நாள் மழை. வண்டியை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் மருமகன் அறிவித்தல் பலகையை வாசிக்காமல் ஒரு கரையில் எங்களை இறக்கிவிட்டார். அங்கே என் வயதுக்காரர் எல்லாம் பிறந்த மேனியாக நின்று பந்தடித்தார்கள். மகன் வானத்தைப் பார்த்தபடியே திரும்பி நடந்துபோய் வண்டியில் ஏறினான். நான் பேத்தியின் கண்ணைப் பொத்தினேன். என் கண்ணைப் பொத்த ஆளில்லை. இதைவிடப் பெரிய அதிர்ச்சி இந்தப் பயணத்தில் இனி வராது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மூன்றாம் நாள் ரூகன் என்ற தீவுக்குப் போனோம். வெள்ளைச் சுண்ணாம்பு மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. கடலைக் கண்டால், காலை வைக்க முன்னம் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்து, ஒரு துளி நாக்கில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காலை முதலில் வைப்பது கடலை அவமதிப்பது. மெல்பேர்ணில் சென்ற் கில்டாக் கடற்கரைக்குப் போனாலும் நான் அப்படித்தான் செய்வேன். இங்கேயும் குனிந்து அள்ளினேன். தெளித்தேன். நாக்கில் வைத்தேன்.

கரிக்கவில்லை.

இன்னொரு கை அள்ளிக் குடித்தேன். கஞ்சிக்குப் போடும் உப்பு எவ்வளவோ, அவ்வளவுதான். ஐம்பது வருடம் சமைத்த நாக்கு. இதில் பிழை விடாது. ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டேன். சீனி இறங்கிவிட்டதாக்கும் என்று மருமகள் பிஸ்கற்றோடு ஓடி வந்தாள். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆங்கிலத்தில் கேட்டாள்.

“என்னம்மா செய்யுது?” என்றான் மகன்.

“தம்பி, இந்தக் கடலிலை உப்பில்லையடா.”

“ஓம் அம்மா. கனக்க ஆறுகள் வந்து விழுற கடல். வாசலும் ஒடுக்கம். அதாலை உப்புக் குறைவு. உது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே.”

எல்லாருக்கும் தெரிந்த விடயமாம்.

மருமகனைக் கூப்பிட்டு, இந்தக் கடல் உறையுமா என்று கேட்டேன். இங்கே குறைவு மாமி, இதே கடலில் இன்னும் வடக்கே போனால் மாரிகாலத்தில் கல்லுப்போல இறுகிவிடும், சனம் மேலே நடந்து போகும், கார் கூட ஓடும் என்றார். அன்று இராச்சாப்பாட்டை வெயிலில் இருந்துதான் சாப்பிட்டோம். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அறுபத்தைந்து வருடத்துக்கு முன்னம் இந்த மூன்றையும் எனக்குச் சொன்ன ஒருவர் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரனின் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். பருத்தித்துறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருதரம் வருவார். அந்த முறை வந்தது கலியாணம் செய்ய. எனக்கு எட்டு வயது. வடக்கே, ரஷ்யாவுக்குப் போகிற வழியில் ஒரு கடல் இருக்கிறது, அந்தத் தண்ணீரை அள்ளி நான் கஞ்சி வைத்தேன், உப்புப் போடவேண்டி வரவில்லை என்றார். மாரியில் அதன்மேல் நடந்து கரைக்குப் போனாராம். கோடையில் இராச்சாப்பாட்டு நேரத்திலும் வெயில் நிற்குமாம். நான் வாயைப் பிளந்து கேட்டேன். மாமா சொன்னால் எனக்கு வேதம்.

அந்தக் கிழமையே மூன்றாம் வகுப்பில் கடலைப் பற்றிப் பாடம் வந்தது. கடல் நீர் எல்லாம் உப்பு என்று வாத்தியார் சொன்னார். நான் எழும்பி, எல்லாக் கடலும் அப்படி இல்லை, என் மாமா ஒரு கடலில் கஞ்சி வைத்தவர் என்றேன். வகுப்பில் பாதிப்பேர் மீன் பிடிக்கிறவர்களின் பிள்ளைகள். அவர்கள் சிரித்த சிரிப்பு இப்பவும் காதில் நிற்கிறது. அது பொய் என்று மூன்று தரம் சொல் என்றார் வாத்தியார். நான் வாய் திறக்கவில்லை. பூவரசந் தடியால் அடித்தார், திறக்கவில்லை. முற்றத்துக் குறுமணலில் முழங்காலில் நிற்கவைத்தார். மணி அடிக்கும்வரை நின்றேன். தோல் உரிந்துபோனது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றேன். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்த அம்மாவுக்கு அது வசதியாய்ப் போயிற்று. ஏன் என்று கேட்கவில்லை. என் படிப்பு அவ்வளவுதான்.

மூன்று நாள் வீட்டில் இருந்து யோசித்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலை ஓடிப்போய் நக்கிப் பார்த்தேன். உப்பு. அடுத்த நாளும் உப்பு. மூன்றாம் நாள் மாமாமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நாலாம் நாள் மாமாவுக்குப் பெண் தர இருந்தவர்கள் வந்தார்கள். பெண்ணின் தகப்பன், இரண்டு பெரியவர்கள், அவர்களுக்கு உறவு என்று அந்த வாத்தியாரும். மாமா வெள்ளை வேட்டியோடு வாங்குப் பலகையில் ஒரு ஓரமாக இருந்தார். அந்தப் பெண்ணை அவர் கோயிலில் கண்டு ஆசைப்பட்டுக் கேட்டது என்று அம்மா முதல் நாள் சொல்லியிருந்தா. பயற்றம் பணியாரத் தட்டோடு என்னை உள்ளுக்கிருந்து அனுப்பினார்கள்.

வாத்தியார் என்னைக் கண்டதும் பகிடியாக, “இவதான் உப்பில்லாத கடலைக் கண்டுபிடிச்ச ஆள்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆர் பிள்ளை உனக்கு அப்படிச் சொன்னது என்று பெண்ணின் தகப்பன் கேட்டார். அவர் நல்லமாதிரித்தான் கேட்டார்.

“மாமா. மாமா பொய்தான் சொல்லுறவர். கடலுக்கு மேலாலை நடந்தவராம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னைப் பெற்ற ஐயா கதிரையை விட்டு எழும்பினார். அவர் கை ஓங்கினால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நான் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, குட்டைச் சட்டைக்குக் கீழே காய்ந்துபோயிருந்த முழங்கால்களைப் பார்த்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்தார். எழும்பி வந்து எனக்கும் ஐயாவுக்கும் நடுவில் நின்றார்.

“பிள்ளையை அடியாதேங்கோ அத்தான். அவ சொல்லுறது சரி. நான்தான் சும்மா அளந்தனான்.”

பெண்ணின் தகப்பன் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். பொழுது சாய முன்னம் தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சின்னப் பிள்ளைக்கே பொய் சொல்லுகிற கப்பல்காரன், போன போன துறைமுகத்தில் என்னென்ன வைத்திருக்கிறானோ, அவனை நம்பிப் பெண் தர முடியாதாம்.

மாமா அடுத்த கிழமையே கப்பலுக்குப் போய்விட்டார். பிறகு இரண்டு முறை வந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தானே ஒத்துக்கொண்ட பொய்காரனோடு என்ன பேச்சு? அவர் கலியாணம் செய்யவே இல்லை. கொழும்பில் ஒரு அறையில் தனிய இருந்து செத்தார். செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை. அதோடு விட்டேனா? நான் வளர்த்த ஏழு பிள்ளைகளில் எது பொய் சொன்னாலும், “உப்பில்லாத கடல் கதை கதையாதை” என்பேன். என் வீட்டில் அது பழமொழியாய்ப் போயிற்று. ரூகனில் எனக்கு ஆறுகளைப் பற்றிச் சொன்ன மகனும் அந்தப் பழமொழி கேட்டு வளர்ந்தவன்தான். அவனுக்கு அது நினைவிருந்ததோ தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தரகர் போன பிறகு நடந்ததையும் எழுதவேண்டும். மாமா கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு இருத்தி, முழங்காலைக் கழுவித் தேங்காயெண்ணெய் பூசினார். ஏன் இப்படி என்று கேட்டார். சொன்னேன். மூன்று தரம் சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

“நீ சொன்னனியோ மோனை?”

“இல்லை. அண்டைக்குச் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் சொன்னனான்.”

மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் கண்டதில்லை. பெண் கிடைக்காததுக்கு அழுகிறார் என்று நினைத்தேன். பொய் சொன்னால் இப்படித்தான் என்றும் நினைத்தேன். காலை இழுத்துக்கொண்டு, மிஞ்சிக் கிடந்த பணியாரத்தைத் தின்ன ஓடிவிட்டேன்.

பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்து இப்போதுதான் வந்தாள். இங்கை வா மோனை, கதிரையை இழுத்துப்போட்டு இரு. இதைத் துவக்கத்திலை இருந்து எனக்கு வாசி. ஆறுதலா, உரத்து வாசி. உன்ரை அப்பாவுக்கும் கேக்கட்டும்.