வலப்பக்கம் திரும்பாத விமானம்

தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, மைதானத்தில் வைத்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு வாட்டி தேயிலைக்குள்ள விழுந்துச்சுன்னா, நீ இந்தப் பக்கமே வரக் கூடாது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஏரோப்ளேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதுளைக் கடையில் நாள் முழுக்கக் கைபேசி பழுது பார்த்துவிட்டு வந்து, எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து நானே ஒட்டிய ரிமோட் விமானம் அது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை. நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தட்டையான இடம் அந்த மைதானம் ஒன்றுதான். அதுவும் போனால் பறக்கவிட இடமே இல்லை.

இடப்பக்கம் மலை. வலப்பக்கம்தான் திருப்பியாக வேண்டும். திருப்பினால் விமானம் வலப்பக்கம் சாயும், ஆனால் மூக்கு இடப்பக்கம் போகும். அப்படியே வழுக்கித் தேயிலைக்குள் விழும். மூன்று முறை விழுந்தது.

தப்பு என்னுடையதுதான். இறக்கையின் பின்னோர மடல்கள் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். ஏற்றமும் இறக்கமும் சமமாக இருக்கும்படி அடிமட்டம் வைத்து அளந்து வைத்திருந்தேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் தராசடியில், எடை குறைகிறதென்று அம்மா தினமும் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சமம் என்றால் சரி என்றே புத்தியில் ஊறியிருந்தது. காற்றுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. கீழே இறங்கும் மடல்தான் காற்றில் அதிகம் இழுபடுகிறது. வலப்பக்கம் திருப்பும்போது இறங்குவது இடப்பக்க மடல்; அது மூக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

மடல்களை அசைக்கும் கம்பிகளை மாற்றி மாட்டினேன். ஏற்றம் பன்னிரண்டு மில்லிமீட்டர், இறக்கம் ஐந்து. கடை லீவு நாளில், மைதானத்து ஓரத்தில் அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்தே அங்கே போனேன். எல்லாரும் பார்க்கட்டும்!

கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்தார். "ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறச்சலா இருக்கே. கோணலா வச்சிருக்க. விழத்தான் போகுது."

"கோணல்தாங்க. விழாது."

விமானத்தை ஏற்றினேன். மலை நெருங்கியதும் வலப்பக்கம் திருப்பினேன். சாய்ந்தது, மூக்கும் கூடவே வந்தது. கொழுந்துக்காரப் பெண்கள் "அம்மாடி!" என்று கத்தினார்கள். தேயிலைக்கு மேலே முழு வட்டம் போட்டது.

"சரி சரி, எறக்கு. நிறுக்கணும்," என்றார் கணக்கப்பிள்ளை.

இறக்கத்தான் போனேன். வரிசையில் முதல் ஆளாக நின்ற அம்மா, கொழுந்துச் சாக்கைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"எறக்காதடி. தராசுல இருக்க கோணல் ஒரு நாளும் இவரு கண்ணுல பட்டதில்ல, இதுல மட்டும் பட்டுருச்சு. இவரு தலைக்கு மேல இன்னொரு வாட்டி திருப்பிக் காட்டு."

திருப்பினேன். அவர் தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.