இடப்பக்கம் சுற்றிய கட்டம்

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, கோபம்தான் வரும். அன்று தையல் கூடத்தில் நான் போட்ட கூச்சல் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கொடைக்கானலில் கூலி வேலைக்கு அலைந்து, கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் துரைசானி நடத்திய தையல் கூடத்தில் ஒண்டிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசி அது. வெட்டி மிஞ்சிய துணிகளில் ஒட்டுப்போர்வை தைத்தோம். நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அது வீட்டின் அடுப்பாம். அதைச் சுற்றிச் சுற்றித் துணிக்கீற்றுகள்; அவை மரச்சுவர்களாம். ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். இப்படித் தைத்தது ஒரு கட்டம்; பல கட்டங்களை இணைத்தால் போர்வை. துரைசானி இடப்பக்கமாகச் சுற்றித் தைத்துக் காட்டினாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இடப்பக்கமாகச் சுற்றுவது சுடுகாட்டில் அல்லவா? அத்தனை பேரும் வலப்பக்கமாகவே தைத்தோம். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

என் மகள் மட்டும் இடப்பக்கம் சுற்றுவாள். எட்டு வயது, பீச்சாங்கைக்காரி. பள்ளிக்கூடம் விட்டதும் என் காலடியில் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்ப்பாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவளுக்குப் பிடித்த சிவப்புக் கவுனைப் போட்டு, பேரிக்காய் மரங்களுக்குக் கீழ்ச் சரிவில் புதைத்தோம்.

அடுத்த வருஷம் மறுபடி வயிற்றில் தங்கியது. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டுமே என்று தினமும் பதறினேன். அதற்கென்று கட்டங்களைத் தைத்துக் கூடத்துப் பெட்டியில் சேர்த்துவந்தேன். ஒருநாள் எல்லாவற்றையும் இணைக்கலாம் என்று தரையில் பரப்பினேன். ஜன்னல் வழியே மலை மஞ்சு புகையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். ஒரு கட்டம் அதிகமாகக் கிடந்தது. அது இடப்பக்கம் சுற்றியிருந்தது.

"எவடி இந்தச் சோலி பாத்தது? வாயத் தொறங்கடி!"

கூட வேலை பார்த்த பூம்பாறை அக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் சாய்வு சாய்வாகத் தையல். நூல் முடிகிற இடத்தில் மிளகு மாதிரி முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிறவள் யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வெரசாப் பிரிச்சு அடுப்புல போட்ரு தாயி. வர்ற புள்ளைக்கு ஆகாது."

சாயங்காலம் கூடவே வீட்டுக்கு வந்து, அடுப்பருகில் காவல் மாதிரி உட்கார்ந்தாள். வெளிக்கீற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து நெருப்பில் போட்டேன். கடைசியில் சிவப்புச் சதுரம் கைக்கு வந்தது. ஈரமாக இருந்தது. ஓரத்தில் பச்சை நூல். அடுப்புப் பொறி பட்டு அவள் கவுன் பொத்தலானபோது, சிவப்பு நூல் இல்லாமல் நான் பச்சையில் தைத்த இடம். அந்தக் கவுனோடுதானே அவளை மண்ணுக்குள் வைத்தோம்!

"என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே? போடு!"

எனக்கு வந்ததே கோபம்! "இம்புட்டுக் குளிருல ஏறி வந்துருக்கா எம்புள்ள. அடுப்புலயாக்கா போடச் சொல்றீங்க?"

அக்கா எழுந்து போய்விட்டாள். நான் அந்தச் சதுரத்தைச் சுற்றிப் புதுக்கீற்றுகள் வைத்து, மகளின் பழக்கப்படி இடப்பக்கமாகவே தைத்தேன். போர்வையின் நடுவில் அதைச் சேர்த்தேன். தப்புச் செய்கிறோமோ என்ற பயம் பிரசவம் வரை என்னை விடவில்லை.

அவளுக்குத் தம்பி பிறந்தான். நல்லபடியாக, கொழுகொழுவென்று. அந்தப் போர்வையில்தான் வளர்ந்தான். நடுச்சதுரத்தை எத்தனை வெயிலில் போட்டாலும் மறுநாள் ஈரமாகத்தான் இருக்கும். தினமும் காலையில் அடுப்பருகில் பிடித்து, முதலில் அவளைக் காயவைப்பேன். அப்புறம்தான் இவனைப் படுக்கவைப்பேன்.