ஊர்காவற்றுறைக் கிட்டங்கியில் குடியேறியவர்கள்

1984 ஆவணியில் ஊர்காவற்றுறைக்குப் போனேன், மடியில் ஒரு கைத் தையல் மெசினோடு. கொண்டுவரச் சொன்னவர் என் சின்னம்மாவின் மகள் யோகம் அக்கா. பதுளையில் அவர்கள் வைத்திருந்த புடவைக்கடை முந்தைய வருட ஆடிக்கலவரத்தில் எரிந்துபோக, குடும்பமாகக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து அகதிக் கப்பலேறி ஊருக்குத் திரும்பியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழரைக்குப் பஸ். பண்ணைப் பாலம் தாண்டி வேலணை வழியாக இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஒரு மணிநேரம் எடுத்தது. கட்டணம் இப்போது நினைவில்லை. மெசினுக்கும் அரை டிக்கெட் கேட்ட கொண்டக்டரோடு வாதாடியது நன்றாக நினைவிருக்கிறது. (தோற்றேன்.)

அக்கா இருந்த இடம் வீடு அல்ல; துறைமுகத்தை ஒட்டிய பழைய கிட்டங்கி. பாய்க்கப்பல் காலத்தில் புகையிலை அடுக்கியது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர், முழங்கை நீளத்துக்கு மேல் தடிப்பு. சொந்தக்காரர் தெற்கில் வியாபாரம் செய்ததால் பல வருடமாக அங்கே ஆடுகள்தான் குடியிருந்தன. திரும்பி வந்த மூன்று குடும்பங்கள் அவருக்கு எழுதிப் பார்த்து, பதில் வராததால் உள்ளே போய்விட்டன.

அவர்கள் செய்திருந்த வேலை என்னை அசத்திவிட்டது. ஒரு சுவரையும் இடிக்கவில்லை. ஆலம்வேரைப் பிடுங்கி, வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தார்கள். மூட்டை இறக்கிய அகன்ற வாசல் பலசரக்குக் கடை. நடு மண்டபத்தைப் பனையோலைத் தட்டியால் பிரித்து, ஒரு பக்கம் தையல் வகுப்பு, மறுபக்கம் மருத்துவிச்சி வரும் அறை. வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. மேல்தட்டில் குடும்பங்கள் குடியிருந்தன; படியேறப் போன என்னை ஒரு தாய், பிள்ளை நித்திரை என்று சொல்லி, மெல்லக் கதைக்கச் சொன்னார். பின்வளவில் கோதுமை மாவில் பாண் சுடுவதற்குப் புதிதாக ஒரு போறணை அடுப்பு.

மதியத்துக்கு முன் சொந்தக்காரர் வந்தார், ஒரு மரவியாபாரியோடு. நவரத்தினம் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும்.

"கூரைத் தேக்கை விக்கப்போறன், தங்கச்சி. நீங்கள் எழும்பவேணும்" என்றார்.

தையல் மெசின்கள் நின்றுவிட்டன. அக்காவின் குரல் மாறவில்லை.

"முதல்ல கதிரையில இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்."

தேத்தண்ணியோடு அன்று சுட்ட பாணும் வந்தது. அவர் பிய்த்துப் பார்த்தார், மணந்து பார்த்தார்.

"இதை ஆர் சுட்டது?"

"என்ரை மனுசன். புடவை அளந்த கை. மா இன்னும் பிடிபடேல்லை."

"போறணைக்குச் சூடு காணாது. வாயை அகலமா வைச்சிட்டியள்." சொன்னபடியே எழும்பிப் பின்வளவுக்குப் போனார். குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே, "கண்டியில பேக்கரி வைச்சிருந்தனான்" என்றார்.

"உங்கடையும் எரிஞ்சு போட்டுதோ?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"ஓம். ஒண்டும் மிஞ்சேல்லை."

உள்ளே மரவியாபாரி கூரையை அண்ணாந்து பார்த்து வளைமரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நவரத்தினம் அவரிடம் போய், "இப்ப ஏலாது, பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவர், தயங்கித் தயங்கி, "மேல ஒரு அறை கிடக்கோ?" என்றார்.

"உங்கடை கட்டடம் அண்ணை. என்னட்டைக் கேக்கிறியள்?"

"ஆடு கட்டின இடத்தை வீடாக்கினது நீங்கள்தானே. உங்களைத்தான் கேக்கவேணும்."

பொழுதுசாய்வதற்குள் நவரத்தினம் சட்டையைக் கழற்றிவிட்டு, அக்காவின் கணவரோடு போறணை வாயைச் சிறிதாக்கிக்கொண்டிருந்தார். 1990இல் தீவுச் சனம் இடம்பெயரும்வரை அந்தப் பாணைத்தான் துறைமுகத் தெரு சாப்பிட்டது என்று அக்கா பிறகு சொன்னார்.

இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குடிதண்ணீர் கொண்டுபோங்கள், பல கிணறுகள் உவர். திரும்பும்போது காரைநகர்ப் பாதைப்படகில் வாருங்கள், கடற்கோட்டையைப் பார்த்தபடி வரலாம். தெருவோரப் பழைய கட்டடங்களைப் படமெடுக்க முன்னர் வாசலில் நின்று ஒருமுறை கூப்பிடுங்கள்.

நுழைவுச்சீட்டு வாங்கி, அழகாகப் புதுப்பித்த கட்டடங்கள் பலவற்றைப் பிறகு பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றிலும் யாரும் என்னிடம், "பிள்ளை நித்திரை, மெல்லக் கதையுங்கோ" என்று சொன்னதில்லை.