தேரன்று கைக்கு வந்த மணிபர்ஸ்

என் கணவர் திருமணத்துக்கு முன், அறியா வயதில், தேர்க்கூட்டத்தில் ஒருவரின் மணிபர்சை எடுத்துச் சிறை சென்றவர். அதை அறிந்தே அவருக்கு வாழ்க்கைப்பட்டேன். பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரானார். பிறர் பொருளைக் கனவிலும் தொட்டதில்லை. ஆயினும் எண்பதுகள் முழுவதும், தேருக்கு முந்தின நாள் ஒரு போலீஸ்காரர் எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"காலையில வந்துருய்யா."

பழைய ஆட்களைத் தேர் நிலைக்கு வரும்வரை ஸ்டேஷனில் உட்காரவைப்பது அவர்கள் வழக்கம். அப்பா வெளியூர் போயிருப்பதாக மகளிடம் சொல்லிவிட்டு, நான் தேரின் பின்னே பதிகம் பாடிச் செல்வேன். பழவினை யாவும் திருவடியில் நீறாகும் என்று வாய் பாடும். இத்தனை ஆண்டு ஒழுங்காய் வாழ்ந்தவனுடைய பழைய குற்றம் தானாகவே மூடப்படும் என்று அரசாங்கத்தில் ஒரு சட்டம் கிடையாதா என்று மனம் கேட்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகளுக்கு உடுமலைப்பேட்டையில் வரன் அமைந்தது. நிச்சயத்துக்கு முன், "தேருக்கு வர்றோமுங்க, அப்படியே உங்க ஊட்டையும் பார்த்துக்கறோம்" என்று மாப்பிள்ளையின் தந்தை சொல்லியனுப்பினார். பெண்ணின் தகப்பன் இல்லாமல் எப்படி வரவேற்பது? அந்த ஆண்டு என் கணவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

வடம் பிடிக்கும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, கைப்பொருளை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நாங்கள் இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

"இதைப் புடிங்க சம்பந்தி. உங்ககிட்ட குடுத்தா பேங்க்ல போட்ட மாதிரிங்க" என்று சிரித்தபடி, மணிபர்சையும் கடிகாரத்தையும் என் கணவரின் கையில் திணித்துவிட்டு, மாப்பிள்ளையின் தந்தை வடத்தை நோக்கி நடந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அதே போலீஸ்காரர் என் கணவரின் மணிக்கட்டைப் பற்றினார்.

"காலையில ஏன்யா வரல? இது யாருது?"

கொடுத்தவரை அழைத்தால் பழைய கதை அவர் செவியில் விழும். மகளின் கல்யாணம் அத்தோடு நிற்கும். அழைக்காவிட்டால் இவர் மீண்டும் திருடர். வேண்டாம் என்று கணவர் எனக்குத் தலையசைத்தார். ஐந்தெழுத்தை உச்சரிக்க முயன்றேன், நா எழவில்லை. பிறகு எப்படியோ, "சம்பந்தி!" என்று கத்திவிட்டேன்.

அவர் விரைந்து திரும்பி வந்தார். "ஏனுங்க, என்னாச்சுங்க? நாந்தானுங்க குடுத்தேன். எங்க சம்பந்திங்க இவரு."

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மணிக்கட்டிலிருந்து அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

"ஒண்ணுமில்லீங்க. பிக்பாக்கெட்காரனுக திரியறானுக, பத்திரம்னு சொன்னேன்."

"அதுக்குத்தானுங்க இவருகிட்டக் குடுத்தது!" என்று சம்பந்தி உரக்கச் சிரித்தார்.

கல்யாணம் நடந்தது. அந்தப் போலீஸ்காரர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் எப்படிப்பட்டவரோ, எங்களுக்குத் தெரியாது. அடுத்த தேருக்கும் சம்பந்தி வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது. முந்தின நாள் எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. இருந்தும் விடிந்ததும் என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு தாமாகவே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

"சம்பந்தி கேட்டா என்னங்க சொல்றது?" என்றேன்.

"வெளியூர்னு சொல்லிரு" என்றவர், வாசற்படலைச் சாத்திவிட்டு நடந்தார்.