ரிசாலத்தும் பத்துப் பைகளும்

ரிசாலத்தின் மேசையைத் தாண்டாமல் அந்தப் பூங்காவுக்குள் ஓர் எறும்புகூட நுழைய முடியாது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, ரிசாலத்தேதான். எறும்புகள் என்னவோ வழக்கம்போல வேலிக்கு அடியில் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

தாஷ்கண்டின் வடக்கு ஓரத்தில், பேருந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா. வாசலில் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற ஓர் இரும்புச் சட்டம் உண்டு. யார் நுழைந்தாலும் அது கூவும், யாரும் நுழையாவிட்டாலும் சில சமயம் கூவும். அதனால் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. அதற்குப் பக்கத்தில் நீல விரிப்புப் போட்ட மேசை, மேசைக்குப் பின்னால் ரிசாலத். வயது ஐம்பத்து மூன்று. இரண்டு தங்கப் பல், தலையில் பூப்போட்ட துணி, உடம்பில் அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத காவலர் சட்டை. பதினோரு வருஷமாக அவள் அங்கே பைகளைச் சோதிக்கிறாள். சோதனை என்று சம்பளச் சீட்டில்தான் இருக்கிறது. அவள் செய்வது விசாரணை.

“முட்டை எத்தனை? ஆறா? ஆளு எட்டுப் பேரு வந்திருக்கீங்க. யாரு அந்த ரெண்டு பேரு பட்டினி கிடக்கப்போறது?”

“பெரியவங்களுக்கு வேணாம் அக்கா.”

“வேணாம்னு நீ சொல்றே. உன் மாமியார் சொன்னாங்களா? கேட்டியா?”

மாமியார் தலையைத் திருப்பிக்கொள்வாள். மருமகள் உள்ளே போகிற வரைக்கும் மூச்சு விடமாட்டாள். தொப்பி இல்லாத குழந்தையைக் கண்டால் ரிசாலத் அப்பனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பாள். பல் முளைக்கிற குழந்தை என்றால் வாயைத் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். வரிசை நீளும், வெயில் ஏறும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் தங்கள் முறை வரும்போது அவர்களும் நின்று நிதானமாகத் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள்.

அவளுக்கு நிஜமான தலைவலி கத்தி. கோடையில் முலாம்பழம் இல்லாமல் எந்தக் குடும்பமும் வராது, முலாம்பழம் இருந்தால் கத்தியும் இருக்கும். கத்தி உள்ளே போகக்கூடாது என்பது விதி. பழம் கூடாது என்று விதி போட அந்த ஊரில் எவனுக்கும் தைரியம் இல்லை. ஆகவே ரிசாலத்தே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர்கள் கத்தியை வாங்கி, அவர்கள் பழத்தைத் தன் மேசையிலேயே கீறி, துண்டு போட்டு, பாத்திரத்தில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, கத்தியைச் சீட்டுக் கட்டி இழுப்பறையில் போட்டுக்கொள்வாள். வெட்டித் தந்தவளுக்கு முதல் துண்டு கொடுப்பது முறை. அதை மறுப்பது மரியாதைக் குறைவு. இப்படியாக நாட்டின் பாதுகாப்புக்காக அவள் ஒரு நாளைக்கு இருபது, முப்பது துண்டு பழம் சாப்பிட வேண்டியிருந்தது. அவள் வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் பத்துப் பேர் பையோடு நழுவிப் போவார்கள் என்பதை அவளிடம் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

வீட்டில் சொல்லுவதற்கு ஆள் இருந்தார். கணவர் துர்சுனலி, ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். எதிரே ஆள் இருந்தால் சீண்டாமல் இருக்க அவரால் முடியாது.

“பதினோரு வருஷத்துல எத்தனை குண்டு புடிச்சே?”

“ஒண்ணுகூட இல்ல.”

“துப்பாக்கி?”

“தண்ணித் துப்பாக்கி நிறைய.”

“அப்புறம் எதுக்கு அந்த மேசை?”

“நான் அங்க உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சுதான் ஒருத்தனும் கொண்டுவரல.”

“இருபத்தாறு வருஷம் நான் பஸ் ஓட்டினேன். ஒரு ஒட்டகம்கூட ஏறலை. நான் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருந்ததாலதானா?”

“உங்க பஸ்ல மனுஷங்களே ஏற பயந்தாங்க. ஒட்டகத்துக்கு என்ன தலையெழுத்தா?” என்று சொல்லிவிட்டு ரிசாலத் தேநீர்க் கெட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். வாயில் அவள் தோற்றதில்லை. ஆனாலும் ஒட்டகம் என்னவோ அவள் மனதைக் கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம் பூங்காவுக்குப் புது மேலாளர் வந்தான். பெயர் தியோர்பெக். முப்பத்தொரு வயது, வெளிநாட்டில் படித்தவன், மரியாதை தெரிந்தவன், தூங்கும்போதும் கணினியை மடியில் வைத்திருப்பான் என்று பேச்சு. அவன் கேட்ட கேள்வியும் துர்சுனலி கேட்டதுதான், தேநீர் இல்லாமல் கேட்டான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தச் சோதனையால ஜனங்களுக்கு ஏதாவது பாதுகாப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அடுத்த வாரம் பத்துப் பேரை அனுப்பப்போறேன். ஒவ்வொருத்தர் பையிலயும் கூடாத பொருள் ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கும். எல்லாம் போலிதான், பயப்படாதீங்க. பத்தையும் நீங்க புடிச்சா மேசை இருக்கும்.”

“ஒண்ணு தப்பினா?”

“நிஜத்துல ஒண்ணு போதுமே அக்கா. மெஷின் வரும். அதைப் பார்த்துக்க ஒரு கம்பெனி ஆளுங்க வருவாங்க. உங்களுக்கு வேலை போகாது, பின்னால சலவை அறையில இடம் இருக்கு.”

சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. படகு இருக்கை உறைகளும் ஊழியர் சட்டைகளும் சுழல்கிற நாலு இயந்திரம், எதிரே ஒரு சுவர். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் முகத்தைப் பார்த்து, அதில் ஐந்நூறு பேரையாவது திட்டிப் பழகியவளை அங்கே கொண்டுபோய் வைத்தால் ஆறு மாதத்தில் அவள் துணிகளோடு பேச ஆரம்பித்துவிடுவாள். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கணவரைத் திருப்பிச் சீண்டவில்லை. துர்சுனலி பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை சோதனை தொடங்கியது. வாசலில் வரிசை பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. ரிசாலத் பையின் தையலைக்கூட விடவில்லை. ஒரு கிழவரின் கோட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டு, கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வளர்ப்புக் காடை ஒன்று அவள் விரலைக் கொத்தியது. பேரனுக்குக் காட்டுவதுபோல் அதற்கும் ராட்டினம் காட்டக் கிழவர் கொண்டுவந்தாராம். விதிகளில் காடையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் அனுமதித்தாள்.

பிறகு வந்தான் முதல் ஆள். தனி ஆள், இஸ்திரி போட்ட சட்டை, தோளில் புதுப் பை. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, ஒரு செய்தித்தாள்.

“ரொட்டி எங்கே?” என்றாள் ரிசாலத்.

“பசியில்லை அக்கா.”

“பசியில்லாதவன் பூங்காவுக்கு எதுக்கு வர்றே? நாள் பூரா இருக்கப்போறே, வீட்டுல உங்கம்மா ஒரு ரொட்டிகூடப் போட்டுத் தரலையா? இப்படி வா.”

பையின் அடித்துணிக்குக் கீழே மடக்குக் கத்தி இருந்தது. இரண்டாவது ஆள் ஒரு பெண். அவள் பையிலும் ரொட்டி இல்லை, குடைக்குள் சின்னக் கோடாலி இருந்தது. வியாழக்கிழமைக்குள் ஒன்பது பேர் பிடிபட்டார்கள். அந்த ஊரில் ரொட்டி இல்லாமல் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், நீதிமன்றம் போவான், பூங்காவுக்குப் போகமாட்டான். வெளிநாட்டில் படித்த தியோர்பெக்குக்கு அது மறந்துபோயிருந்தது.

அவன் மேலே அறையிலிருந்து இறங்கி வந்து மேசை முன்னால் நின்றான். ஆச்சரியத்தில் அவன் வாய் மூடவே இல்லை.

“அக்கா, எப்படி? பையைத் திறந்த உடனே தெரிஞ்சுடுதே உங்களுக்கு!”

இங்கேதான் ரிசாலத் சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருப்பது மட்டும் அவளுக்கு வராது. “நீங்க படிச்ச படிப்புல இது இல்லை தம்பி,” என்று ஆரம்பித்து, ரொட்டி விஷயத்தை ஒன்று விடாமல் சொல்லி, கூட நின்ற சீட்டுக் கிழிப்பவளும் கேட்கட்டும் என்று இரண்டாம் முறையும் சொன்னாள். தியோர்பெக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மேலே போனான்.

வெள்ளிக்கிழமை பத்தாவது ஆள் வந்தான். மூக்குக் கண்ணாடி போட்ட கல்லூரிப் பையன், பெயர் அஸ்லித்தீன், விடுமுறைக்கு இந்த வேலைக்கு வந்தவன். அவசரத்தில் வழியில் வாங்கிய இரண்டு வட்ட ரொட்டி அவன் பையில் மேலாக இருந்தது. ரிசாலத் பையைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரொட்டிகள் இரண்டும் குப்புறக் கிடந்தன.

“யாருடா இதைக் குப்புறப் போட்டது?”

பையன் விழித்தான்.

“உன்னைத்தான் கேக்குறேன். ரொட்டிக்கு அச்சுக் குத்தின பக்கம்தான் முகம், அது மேல இருக்கணும்னு யாரும் சொல்லித் தரலையா? செருப்பை இப்படி வைப்பியா நீ? ஒரு குடும்பமே அடுப்பு முன்னால வெந்து இதைச் சுட்டு அனுப்புது, நீ செங்கல்லு மாதிரி கவுத்துப் போட்டுக்கிட்டு வர்றே!”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் உச்சுக்கொட்டினார். இரட்டைக் குழந்தைகளை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், “காலம் கெட்டுப்போச்சு அக்கா,” என்றாள். ரிசாலத் இரண்டு ரொட்டிகளையும் இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். தன் மதியச் சாப்பாட்டைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைத் துணியை உதறி, அவன் பைக்குள் விரித்து, அதன்மேல் ரொட்டிகளை நிமிர்த்தி வைத்து, நாலு மூலையையும் மூடினாள். ஐந்து நிமிஷம் அவனைப் பிடித்து உலுக்கி எடுத்தபிறகு, “போ. இனிமே ஒழுங்கா வை,” என்று அனுப்பினாள்.

அவன் பத்துப் பன்னிரண்டு அடி போனான். நின்றான். பிறகு திரும்பி வந்து மேசை முன்னால் தலை குனிந்து நின்றான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

“பெரியம்மா... அந்தத் துணிக்குக் கீழே இன்னொண்ணு இருக்கு.”

ரிசாலத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பெட்டி, அதிலிருந்து இரண்டு கம்பி. போலிதான். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏண்டா திரும்பி வந்தே?”

“உங்க துணி உள்ள இருக்கு. அதைத் தூக்கிட்டுப் போக என்னமோ மாதிரி இருந்துச்சு.” அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். ‘பிடிபட்டது’, ‘உள்ளே போனது’ என்று இரண்டு கட்டம், அடியில் சோதித்தவர் கையெழுத்து. “புடிச்சுட்டீங்கன்னே எழுதுங்க பெரியம்மா. யாரும் சரியாப் பார்க்கல. நானும் அப்படியே சொல்றேன்.”

பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டாள். முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், மேசை இருக்கும். அவளுக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை, தொண்டை வரைக்கும் ஆசை இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். இரட்டைக் குழந்தைக்காரி பையைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு, இவளை நம்பிச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரிசாலத்துக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெட்டி அவள் கைக்கு நாலு விரல்கடை தூரத்தில் இருந்தது, அதற்கு மேல் அவளே துணி விரித்துக் கொடுத்திருந்தாள்.

இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டாள். கீழே, குண்டுக் குண்டு எழுத்தில், ‘நான் ரொட்டியை மட்டும்தான் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தியோர்பெக் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அக்கா, அவன்தான் திரும்பி வந்துட்டானே. இதை எதுல சேர்க்கிறதுன்னு எனக்கே தெரியலை.”

“திரும்பி வர்றவனுக்குச் சோதனை எதுக்கு தம்பி? வராதவனுக்குத்தானே அங்க மேசை போட்டிருக்கீங்க.”

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். மனசு கேட்கவில்லை, ஆனால் வாக்கை மாற்ற அவனுக்குத் தெரியாது. மெஷினைத் திங்கட்கிழமைக்கு வரச் சொன்னான். சலவை அறையின் சாவியைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான்.

சாயங்காலம் முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே துர்சுனலி தேநீரோடு காத்திருந்தார். புதிதாக ஒரு கேலியும் தயாராக இருந்தது என்பது அவர் மீசையிலேயே தெரிந்தது. ரிசாலத் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. தாளில் எழுதியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது.

துர்சுனலி கேலியை விழுங்கிவிட்டார். அவளுக்குத் தேநீர் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

“இத்தனை வருஷம் உன்னை நோண்டிக்கிட்டே இருந்தேன்,” என்றார். “அந்த வாசலை நான் நம்பினதே இல்ல. இப்ப சொல்றேன் கேளு. தப்பவிட்டதைத் தப்பவிட்டுட்டேன்னு எழுதுற ஆளு ஒருத்தி அங்க உட்கார்ந்திருந்தா, நம்ம பொண்ணோட பிள்ளைங்களை நான் கண்ணை மூடிக்கிட்டு உள்ள அனுப்புவேன்.”

ரிசாலத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அனுப்புங்க,” என்றாள். “ஆனா திங்கட்கிழமையிலேருந்து அங்க நான் இருக்க மாட்டேனே.”

துர்சுனலி தேநீர்க் கெட்டிலை அவள் பக்கமே நகர்த்தி வைத்தார்.