வாசலுக்கு நேரே நின்ற தூண்

நியூசிலாந்தில் வீடு விற்கிறவர்கள் வீட்டின் குறையைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மகன் செந்தில் வாங்க நினைத்த வீட்டைப் பார்க்க என்னையும் கூட்டிப்போயிருந்தான். விற்பவர் என் வயதுள்ள வெள்ளைக்காரப் பெண்மணி. கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணாந்து கூரையைக் காட்டி, "இங்கே ஒரு சுவர் இருந்தது. என் கணவர் இடித்துவிட்டார். நகர கவுன்சிலில் அனுமதி வாங்கவில்லை" என்றார். இறந்தவரைப் பற்றிக் குறைப்படுகிறார் என்று நினைத்து, "நல்ல மனிதர், அறையைப் பெரிதாக்கித் தந்திருக்கிறாரே" என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, அவர் அதையே இன்னும் மெதுவாக, உரக்கச் சொன்னார். செந்தில் சிரித்தான். அதன்பிறகு அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால், ஹாலின் நடுவே ஒரு தூண் கண்ணுக்கு நேராக நிற்கும். "வாசலுக்கு நேரா தூண் நின்னா வீட்டுக்காரிக்கு ஆகாதாம்ங்க" என்பாள் என் மனைவி ராஜாத்தி. நான் பள்ளியில் பௌதிகம் நடத்தியவன். "ஒன் தலையில கூரை விழாம அதுதான் தாங்குது" என்று கேலி செய்வேன். அவள் நோயில் விழுந்தபோது கேலி செய்ய வாய் வரவில்லை. கொத்தனாரை அழைத்தேன். "மேல ஒரு இரும்பு கர்டர் குடுத்துட்டா பேரன் காலத்துக்கும் அசையாது சார்" என்றார். நகராட்சியில் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இருக்கிற கூரையை அந்தக் கர்டர் தாங்கும், இன்னொரு மாடியைத் தாங்காது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாடி கட்டும் எண்ணமே எங்களுக்கு இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராஜாத்தி வாசலில் நின்று, "இப்பத்தான் வீட்டுக்குள்ள காத்து வருது" என்றாள். தூணை எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. அவள் சிரித்துக்கொண்டே நேராக உள்ளே நடந்தாள்.

அவள் காலமானபின் செந்தில் இங்கே நியூசிலாந்துக்கு வரச் சொன்னான். அல்லிநகரத்து வீட்டை வாங்க வந்தவர் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் முருகேசன். அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏங்க, அங்கன பாருங்க, சாமி ரூம் வரைக்கும் ஒரு தடங்கல் இல்ல. இந்த வீடுதான்" என்றார். முருகேசன் என்னிடம் நேராகவே கேட்டார்: "பின்னால மாடி எடுக்கலாமுல்ல சார்?"

"அது உங்க இஷ்டம்" என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று விமானத்தில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு மாணவன் அப்படிப் பதில் எழுதியிருந்தால் அடித்துச் சுழித்திருப்பேன். "வாத்தியார் வீடு, வேற என்ன பாக்கணும்?" என்று சொல்லித்தான் முருகேசன் சாவியை வாங்கினார்.

இங்கே எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தவரும் அவர்தான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான். முருகேசன் கூப்பிட்டு, திராட்சை விலை, முல்லையாற்றுத் தண்ணீர் என்று பேசுவார். அந்தப் பெண்மணியைப் பார்ப்பதற்குச் சற்று முன்புதான், "மகளுக்குக் கல்யாணம் சார். மாடி எடுக்கோம், செவரு எந்திரிச்சிருச்சு. நீங்க வந்தாகணும்" என்று அழைத்திருந்தார். நானும் சந்தோஷம் என்றுதான் சொல்லியிருந்தேன். தூண் விஷயத்தைச் சொல்லிவிட்டால் இந்தக் குரலும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

தேநீர் குடிக்காமல் வந்த அன்று மாலையே கூப்பிட்டேன். அங்கே பகல், பின்னால் கொத்தனாரின் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"முருகேசன், ஹால்ல ஒரு தூண் இருந்துச்சு. நான் எடுத்துட்டேன். கீழ இருக்கறது மாடியைத் தாங்காது. வேலையை நிறுத்துங்க."

"வெளையாடாதீக சார்."

"நெசமாத்தான் சொல்றேன்."

கரண்டிச் சத்தம் நின்றது; அவர் கையமர்த்தியிருக்க வேண்டும். "அன்னைக்கு நான் கேட்டேன்ல சார்?" என்றார். மறுபடியும், "கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீக."

"யாருங்க? சாரா? என்ன சொல்றாக?" என்று அவர் மனைவியின் குரல் நெருங்கியது. "பிள்ளைக அங்கனதான் சார் படுத்துக் கெடக்குதுக" என்று முருகேசன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

பிறகு அவரிடமிருந்து கைபேசியில் ஒரு படம் மட்டும் வந்தது. ஹாலின் நடுவே, வாசலுக்கு நேராக, தூண் நின்ற அதே இடத்தில் இரும்பு முட்டுகள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. ஒன்றில் மஞ்சள் தடவி எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார்கள். ராஜாத்தி இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். செலவு என்னுடையது என்று எழுதினேன். படித்ததற்கான நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையும் வரவில்லை.

இன்ஜினியர் பார்த்து உத்தரம் மாற்றிய பிறகு அந்தப் பெண்மணியின் வீட்டைச் செந்தில் வாங்கிவிட்டான். சுவர் இல்லாத பெரிய அறை. குறுக்கே எதுவும் கிடையாது. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது, நடு அறையில் என் கால் தானாக இடப்பக்கம் விலகி, ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. "ஏன் மாமா கோணலா நடக்குறீங்க?" என்கிறாள் மருமகள். வயசாச்சும்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன்.